ஆப்பிள் ஒயினில் அழுகிய முட்டை வாடை: நான் சரிசெய்த விதம்

நியூயார்க் மாநிலத்தில் அக்டோபர் வந்தால் தோட்டங்களிலேயே வடிகட்டாத ஆப்பிள் சாறு கிடைக்கும், அங்கே அதைத்தான் சைடர் என்கிறார்கள். ஒரு கேலன், அதாவது 3.8 லிட்டர் வாங்கினேன். பொட்டாசியம் சார்பேட் என்ற பதப்படுத்தும் பொருள் சேர்க்காததா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள், அது இருந்தால் ஈஸ்ட் பெருகாது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050 காட்டியது, 350 கிராம் சர்க்கரை கரைத்ததும் 1.085. ஈஸ்ட் போட்ட மறுநாளே நன்றாக நுரைத்தது.

நாலாம் நாள் ஜாடியைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம். கொட்டிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அது கெட்டுப்போகவில்லை: ஆப்பிள் சாற்றில் நைட்ரஜன் குறைவு, சத்து போதாத ஈஸ்ட் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை விடுகிறது, அவ்வளவுதான். ஈஸ்ட்டுக்கான சத்துப்பொடி அரை டீஸ்பூன் போதும். அதை நேராகத் தூவாதீர்கள், சாற்றில் கரைந்திருக்கும் வாயு எல்லாம் ஒரே மூச்சில் நுரையாகக் கிளம்பி ஜாடி வாய்க்கு மேல் வழிகிறது, மேஜை முழுக்கப் பிசுபிசுத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அப்புறம் மீதிப் பொடியை வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, சிறிது சிறிதாக ஊற்றினேன். காலையும் மாலையும் சுத்தமான நீளக் கரண்டியால் நன்றாகக் கலக்கி வாயுவை வெளியேற்றினேன். அப்படிச் செய்த மூன்றாம் நாள் நாற்றம் போய் ஆப்பிள் மணம் வந்துவிட்டது, அந்தச் சந்தோஷமே தனி.

மூன்று வாரத்தில் ஹைட்ரோமீட்டர் அளவு 0.998-க்கு இறங்கியது, ஆல்கஹால் சுமார் 11 சதவீதம். வண்டலை விட்டுவிட்டுத் தெளிந்ததை மட்டும் குழாயால் வேறு ஜாடிக்கு மாற்றி வைத்திருக்கிறேன், பிப்ரவரிக்கு முன் திறக்கப்போவதில்லை.