வான் டைக்கின் உருவப்பட அச்சுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆண்ட்வெர்ப் ஓவியர் அந்தோனி வான் டைக் 1630களில் தொடங்கிய ‘ஐகனோகிராஃபி’ என்னும் உருவப்பட அச்சுத் தொகுதியில் எல்லாப் படங்களும் அவரே எட்சிங் (உலோகத் தகட்டின் பூச்சை ஊசியால் கீறி அமிலத்தால் அரிக்கும் முறை) செய்தவை என்று நம்புவதுதான் முதல் தவறு. கில்லிஸ் ஹெண்ட்ரிக்ஸ் 1645இல் வெளியிட்ட பதிப்பில் 100 படங்கள். வான் டைக் தாமே ஊசி பிடித்த தகடுகள் ஏறத்தாழ 18தான். மற்றவை அவர் வரைவுகளைப் பார்த்து லூகாஸ் வோர்ஸ்டர்மன், பாலுஸ் பொன்டியுஸ் போன்றோர் உளியால் செதுக்கியவை.

படத்தின் அடியில் உள்ள எழுத்தை அவசரமாகப் படிக்காதீர்கள். நடுவில் பெரிதாக இருப்பது படத்தில் உள்ளவர் பெயர். வோர்ஸ்டர்மனையே வான் டைக் எட்சிங் செய்திருக்கிறார். அந்தப் பெயரைப் பார்த்து, செதுக்கியவர் அவர்தான் என்று முடிவுகட்டுகிறார்கள். ஓரத்தில் ‘ஸ்கல்ப்ஸிட்’ என்று வருவதே செதுக்கியவர், ‘எக்ஸ்குடிட்’ பதிப்பாளர். ‘பிங்க்ஸிட்’ (‘தீட்டினார்’) என்று இருப்பதால் மூலத்தில் பெரிய வண்ண ஓவியம் இருந்தாக வேண்டும் என்பதில்லை. பலவற்றுக்குச் சாக்கட்டி வரைபடமோ, ஒற்றை நிற எண்ணெய் வரைவோதான் மூலம்.

எழுத்தைவிடக் கோடு நம்பகமானது. 10 மடங்கு லென்ஸ் போதும். மெழுகுப் பூச்சைக் கீறி அமிலம் அரித்த கோடு ஒரே தடிமனாக ஓடி மொட்டையாக நிற்கும். உளிக்கோடு மெல்லத் தொடங்கி, பருத்து, கூராக முடியும். வான் டைக் கன்னங்களில் இட்ட நுண்புள்ளிகளையும் பாருங்கள். ஆழம் குறைந்தவை என்பதால் தகடு தேயும்போது முதலில் போவது அவைதான். முகம் வெளிறித் தட்டையாகிவிடும். அந்த வெளிறலை ‘மென்மை’ என்று புகழ்வது பரிதாபம்.

படத்தில் வெறுமையாக விட்ட தாளை முழுமையின்மை என்று ஒதுக்குவதும் தவறு. அவருடைய சுயஉருவத்தின் முதல் நிலையில் (தகட்டில் பின்னர் மாற்றங்கள் செய்யுமுன் எடுத்த அச்சில்) தலையும் கழுத்துப்பட்டியின் சில கோடுகளும்தான். பின்னர் யாகோப் நேஃப்ஸ் அதைப் பீடத்தின் மேலுள்ள மார்பளவுச் சிலையாக்கி, 1645 பதிப்பின் முகப்பாக மாற்றினார். அரிதும் உயிருள்ளதும் முதல் நிலையே.

அச்சில் ஹெண்ட்ரிக்ஸின் முதலெழுத்துகள் இல்லையென்றால் அவர் பதிப்புக்கு முந்தைய அச்சு என்று துள்ள வேண்டாம்; பிற்காலத்தில் அவற்றைத் தகட்டிலிருந்து அழித்தும் அச்சிட்டார்கள். தகடுகள் பல இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்திடம் இருக்கின்றன, அவற்றிலிருந்தும் அச்சுகள் எடுத்திருக்கிறார்கள். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கம்பிவரிகள் (தாள் செய்யும் சல்லடையின் கம்பிகள் பதித்த கோடுகள்) இல்லாமல் சீராக இருந்தால், அது 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு முந்தையதாக இருக்க முடியாது. ஆனால் வரிகள் இருப்பது மட்டும் பழமைக்குச் சான்றல்ல. தகட்டு விளிம்பின் அழுத்தத் தடமும் அப்படித்தான்: 19ஆம் நூற்றாண்டின் ஃபோட்டோகிராவியூர் (புகைப்பட முறையில் தகடு செய்து அச்சிட்ட) மறுபதிப்புகளிலும் அது இருக்கும். அருங்காட்சியகப் படியின் உயர்தெளிவுப் படத்தோடு கோட்டுக்குக் கோடு ஒப்பிட்டபின் விலை பேசுங்கள்.