இலவச மலேரியா சிகிச்சை கடைசி வீடு வரை போக: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடிசாவின் மல்கான்கிரி, கோராபுட், கந்தமால் மலைக் கிராமங்களில் மலேரியா பரிசோதனை, மருந்து, கொசுவலை எல்லாமே இலவசம். ஆனால் துணை சுகாதார நிலையத்துக்குப் போய்வர ஒரு நாள் கூலி போகிறது என்றால், அது இலவசமே அல்ல.

எனவே நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் முதல் தவறு. 2017-ல் அங்கே தொடங்கிய ‘தமன்’ திட்டம், எட்டாத ஊர்களுக்கு முகாமையே கொண்டுபோய், காய்ச்சல் இல்லாதவர்களையும் பரிசோதித்தது. அறிகுறியின்றிக் கிருமியைச் சுமப்பவர்களிடமிருந்தும் நோய் பரவுமே! அந்த ஆண்டு மாநிலத்தில் 3 லட்சத்தைத் தாண்டிய நோயாளிகள் எண்ணிக்கை, 2018-ல் 1 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. கொசுவலைகளுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

ஆஷா பணியாளர் (கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்) கையிலுள்ள, ஒரு சொட்டு ரத்தத்தில் மலேரியாவைக் காட்டும் சோதனை அட்டையில் நிறையப் பிழை நடக்கிறது. 5 நிமிடத்தில் பார்த்து ‘மலேரியா இல்லை’ என்று அனுப்பிவிடக் கூடாது. பெட்டியில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 15 முதல் 20 நிமிடம், பொறுக்க வேண்டும். மங்கலான கோடும் கோடுதான். அட்டை வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு வராவிட்டால் புது அட்டையில் திரும்பச் செய்யுங்கள். மலேரியாக் கிருமியில் கடுமையான வகையான பால்சிபாரத்தைக் காட்டும் கோடு, நோய் குணமான பிறகும் சில வாரங்கள் தெரியும். மருந்து முடித்தவருக்கு அதே வகை அட்டையில் மறுசோதனை செய்து மீண்டும் மருந்து கொடுத்துவிடாதீர்கள், நுண்ணோக்கியில் பார்க்க ரத்த ஸ்லைடு எடுங்கள்.

பால்சிபாரத்துக்கான மாத்திரை அட்டைகளுக்கு வயதுவாரியாக நிறம் உண்டு: 1 முதல் 4 வயதுக்கு மஞ்சள், 5 முதல் 8-க்குப் பச்சை, 9 முதல் 14-க்குச் சிவப்பு, பெரியவர்களுக்கு வெள்ளை. மஞ்சள் தீர்ந்துவிட்டது என்று வெள்ளையை உடைத்துக் கொடுப்பது ஆபத்து. மருந்து விழுங்கிய 30 நிமிடத்துக்குள் குழந்தை வாந்தி எடுத்தால் அந்த வேளை மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டும். வலிப்பு, நினைவு தடுமாற்றம், எதையும் குடிக்க முடியாத நிலை இருந்தால் மாத்திரையோடு நிற்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

இன்னொரு வகை மலேரியாவான வைவாக்ஸுக்கு இரண்டு மருந்துகள்: குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிடுவதால் பலரும் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். கல்லீரலில் உறங்கும் கிருமி பிறகு கிளம்புகிறது. 14 நாள் மாத்திரையை மொத்தமாகக் கையில் திணித்துவிட்டு வராமல், இடையில் இரண்டு மூன்று முறை வீட்டுக்குப் போய் எண்ணிப் பாருங்கள். கர்ப்பிணிக்கும் 1 வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பிரைமாகுயின் கூடாது. சிறுநீர் கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கொசுவலை: வீட்டுக்கு ஒன்று என்று கணக்கிடாதீர்கள், இரண்டு பேருக்கு ஒன்று. மலைச்சரிவு வயலில் குடிசை போட்டுக் காவல் இருப்பவர்களுக்குத் தனி வலை வேண்டும். அவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் உலர்த்தினால் வலையில் ஏற்றிய மருந்து வீணாகும். சாதாரண சோப்பில் மெதுவாக அலசி நிழலில் போடச் சொல்லுங்கள்.

இருப்பு தீர்ந்த பிறகு எழுதிக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது. ஜூன் மழையில் ஓடை பெருகிப் பாதை அறுந்துபோகும் ஊர்களுக்கு, மழைக்காலம் முழுமைக்குமான சோதனை அட்டைகளும் எல்லா வயதுப் பிரிவுகளுக்குமான மாத்திரைகளும் மே மாதத்துக்குள் ஆஷா வீட்டில் இருக்க வேண்டும்.