சமூகவியலைப் படிக்கத் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"இதற்குச் சமூகமே காரணம்" என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுவதுதான் சமூகவியலைப் புதிதாகப் படிப்போரிடம் மிகுதியாகக் காணப்படும் தவறு. குடிப்பழக்கத்துக்கும் சமூகம் காரணம், தேர்வில் தோற்றதற்கும் சமூகம் காரணம் என்றால், அந்தச் சொல் எதையும் விளக்கவில்லை. எந்தக் குழு, எந்த வழமை, அதை மீறினால் யார் என்ன செய்வார்கள் என்ற மூன்றையும் சொன்ன பிறகே அது விளக்கமாகும்.

சென்னையின் மாநகரப் பேருந்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கூட்டம் நிறைந்த 29சி பேருந்தில் நடத்துநர் தம் இருக்கையில் அமர்ந்திருக்க, தொலைவில் நிற்பவர் நீட்டும் பணம், முன்பின் அறியாத நான்கைந்து பேரின் கைகள் வழியாக அவரிடம் போய், பயணச்சீட்டும் மீதிச் சில்லறையுமாக அதே கைகள் வழியாகத் திரும்பி வருகிறது. இப்படிச் செய்யும்படி எந்த அறிவிப்புப் பலகையும் சொல்லவில்லை. ஆயினும் நீட்டிய பணத்தை ஒருவர் வாங்க மறுத்தால், சுற்றியிருப்பவர்களின் முகம் மாறும், "வாங்கிக் குடுத்தா என்ன சார்?" என்று ஒருவர் கேட்டும் விடுவார். பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895-இல் வெளியிட்ட முறையியல் நூலில் 'சமூக உண்மை' என்று பெயரிட்டது இத்தகைய அழுத்தத்தைத்தான். நமக்கு முன்பே இருந்து, இணங்கிப் போகும்வரை உணரப்படாமல், மீறும்போது மட்டும் தன் வலிமையைக் காட்டுவது அது. எல்லோரும் செய்வதெல்லாம் சமூக உண்மை ஆகிவிடாது என்றும் அவர் எச்சரித்தார். உண்பதும் உறங்குவதும் எல்லோரும் செய்பவைதாம். எப்போது, யாரோடு அமர்ந்து உண்கிறோம் என்பதில்தான் சமூகம் நுழைகிறது.

பழகிப்போனதை இயல்பு என்று எண்ணிவிடுவது அடுத்த தவறு. தமிழ்நாட்டில் வளர்ந்த ஒருவருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தும் தன் பெயரும் போதும் என்பது மிக இயற்கையாகத் தோன்றும். குடும்பப் பெயர் கேட்கும் படிவத்தின் முன்னால்தான் அவர் முதன்முறையாகத் திகைப்பார். அந்த இயற்கைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டங்களைக் கைவிடும்படி தீர்மானம் நிறைவேற்றியது. பலர் முன்வந்து பட்டத்தைத் துறந்தார்கள். காலப்போக்கில், பொது இடத்தில் பட்டத்தோடு பெயர் சொல்வதே கூச்சத்துக்குரியதாயிற்று. ஆகவே, சமூகம் வடிவமைக்கிறது என்பதைக் கேட்டவுடன் மனிதரைப் பொம்மையாகக் கருதிவிடுவதும் பிழை. நம்மை வடிவமைக்கும் வழமையை நம்மைப் போன்ற மனிதர்களே மாற்றியும் இருக்கிறார்கள். அதற்காக, பட்டம் மறைந்ததோடு சாதியும் மறைந்தது என்று எழுதிவிடவும் கூடாது, "சொந்த ஊர் எது?" என்ற கேள்வி பல வேளைகளில் ஊரை மட்டும் கேட்பதில்லை.

குழுவைப் பற்றிய புள்ளிவிவரத்தைத் தனிமனிதர்மேல் ஏற்றுவது நுட்பமான தவறு. சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950-இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஆராய்ந்தபோது, வெளிநாட்டில் பிறந்தோர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்தது. தனித்தனி மனிதராகப் பார்த்தபோதோ, வெளிநாட்டில் பிறந்தோரிடையே எழுத்தறிவு குறைவாகவே இருந்தது. எழுத்தறிவு மிகுந்த பகுதிகளில் அவர்கள் குடியேறியதே இந்த முரணுக்குக் காரணம். குடிசைப் பகுதி மக்கள் மறுகுடியமர்த்தப்பட்ட சென்னையின் கண்ணகி நகரைப் பற்றிய ஒரு சராசரியை வைத்துக்கொண்டு அங்கிருந்து வேலை கேட்டு வரும் இளைஞரை எடைபோடுவதும் இதே பிழைதான். ஏட்டில் செய்தால் மதிப்பெண் போகும், வேலைக்கு ஆளெடுக்கும் இடத்தில் செய்தால் ஒருவரின் பிழைப்பு போகும்.

விளக்குவதையும் நியாயப்படுத்துவதையும் ஒன்றாகக் கொள்வதை நான் எல்லாவற்றினும் தீங்கானதாகக் கருதுகிறேன். சென்னையில் வாடகைக்கு வீடு தேடுவோர் பலருக்கு, "எனக்கு ஒன்றும் ஆட்சேபம் இல்லை, அக்கம்பக்கத்தார்தான் ஏதாவது சொல்வார்கள்" என்ற மறுப்பு பழகியிருக்கும். அசைவம் சமைப்பவருக்கும், தனியே வாழும் பெண்ணுக்கும், இஸ்லாமியப் பெயர் கொண்டவருக்கும் அது மரியாதையான குரலிலேயே சொல்லப்படுகிறது. வீட்டு உரிமையாளர் ஏன் அப்படிப் பேசுகிறார் என்று ஆராய்வது அவருக்காக வாதாடுவதாகாது. ஆராய்ந்தால்தான் அவர் அக்கம்பக்கத்தாரைக் காட்ட, அக்கம்பக்கத்தார் குடியிருப்புச் சங்கத்தைக் காட்ட, சங்கத்தார் மறுபடியும் வீட்டு உரிமையாளர்களின் விருப்பத்தைக் காட்டுவது தெரியவரும். எவரும் தமது என்று ஒப்புக்கொள்ளாத அந்த விதி, ஒவ்வொருவரும் மற்றவருக்கு அஞ்சுவதால் மட்டுமே நிற்கிறது. அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி "உங்களுக்கு உண்மையிலேயே ஆட்சேபம் உண்டா?" என்று அந்த உரிமையாளர் இதுவரை கேட்டிருக்க மாட்டார்.