கடலோர வீட்டுக்குக் கண்காணிப்பு கேமரா: தேர்வு செய்வதும் பொருத்துவதும்

கண்காணிப்பு கேமரா வாங்கக் கடைக்குப் போனால், எத்தனை கேமரா வேண்டும், எத்தனை மெகாபிக்சல் வேண்டும் என்ற கேள்விகளே முதலில் வரும். இவ்விரண்டுக்கும் கடைசியில் விடை சொன்னால் போதும். ஒவ்வொரு கேமராவும் எதைக் காட்ட வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். கடலூர், புதுச்சேரி போன்ற ஊர்களில் இருப்பவர்கள், உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் அந்தக் கருவியை எத்தனை காலம் விட்டுவைக்கும் என்பதையும் சேர்த்து எண்ணிப் பார்க்க வேண்டும். விளக்கத்துக்காகக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கிழக்குப் பார்த்த மாடி வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்புறம் இரும்புக் கேட், பக்கத்தில் ஒரு சந்து, பின்புறம் தோட்டம். வாசற்படியிலிருந்து கேட் சுமார் 8 மீட்டர் தொலைவில் இருக்கிறது.

படி 1: தாளில் வரைந்து, கேள்விகளை எழுதுதல்

வீட்டின் எல்லையை ஒரு தாளில் வரைந்து, கேமரா வைக்க நினைக்கும் ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஒரு கேள்வியை எழுதுங்கள். வாசற்படிக்கு வருபவரின் முகம் தெரிய வேண்டுமா? கேட்டைத் திறப்பவர் நமக்குத் தெரிந்தவர்தானா என்று அறிய வேண்டுமா? அல்லது தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று தெரிந்தால் போதுமா? இம்மூன்றும் வெவ்வேறு வேலைகள். ஒரே வகைக் கேமராவால் மூன்றையும் செய்ய இயலாது.

இதற்கு ஐஈசி 62676-4 என்னும் பன்னாட்டுத் தரநிலையின் 2014 பதிப்பில் ஓர் அளவுகோல் உண்டு. முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காட்டும் அளவுக்கு முகம் பதிவாக வேண்டுமானால், அவர் நிற்கும் இடத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சல், அதாவது படப் புள்ளிகள், தேவை. ஏற்கெனவே தெரிந்தவரை இனங்காண 125 பிக்சல் போதும். ஆள் இருக்கிறாரா என்று மட்டும் அறிய 25 பிக்சலே போதுமானது.

படி 2: லென்ஸைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது 2.8 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமரா. அது ஏறத்தாழ 100 பாகை அகலத்துக்குப் பார்க்கும். ஆகவே திரையில் வீட்டு முகப்பு முழுவதும் தெரிகிறதே என்று வாங்குபவருக்கு மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் காட்சி அகலமாக ஆக, ஒவ்வொரு மீட்டருக்கும் கிடைக்கும் பிக்சல் குறைந்துகொண்டே போகும். 1920 பிக்சல் அகலமுள்ள 2 மெகாபிக்சல் கேமராவில் 2.8 மி.மீ. லென்ஸ் இருந்தால், மேலே சொன்ன 250 பிக்சல் கணக்கு சுமார் 3 மீட்டர் தொலைவு வரைதான் நிற்கும். 4 மெகாபிக்சலுக்கு மாறினால் 4 மீட்டர். 8 மெகாபிக்சலுக்கே போனாலும் 6 மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே. நம் கேட்டோ 8 மீட்டர் தொலைவில் இருக்கிறது. ஏறத்தாழ 50 பாகை மட்டும் பார்க்கும் 6 மி.மீ. லென்ஸைச் சாதாரண 2 மெகாபிக்சல் கேமராவில் பொருத்தினால், அந்தக் கேட்டருகே நிற்பவரின் முகம் கிடைத்துவிடும். விலை உயர்ந்த 8 மெகாபிக்சல் கேமராவை விட, சரியான லென்ஸ் உள்ள மலிவான கேமரா இங்கே நன்றாக வேலை செய்கிறது என்பதை வாங்குபவர்கள் பெரும்பாலும் நம்புவதில்லை. கடையிலேயே இரண்டையும் ஒரு திரையில் இணைத்துக் காட்டச் சொல்லிப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும்.

இவை பகல் வெளிச்சத்தில், அசையாமல் நிற்கும் ஆளுக்கான கணக்குகள். இரவில் நடந்து வருபவரின் முகம் இதைவிட மங்கலாகவே பதிவாகும் என்பதால், கணக்கில் வரும் தொலைவை முழுமையாக நம்பாமல் சற்றுக் குறைத்தே திட்டமிட வேண்டும்.

எனவே எடுத்துக்காட்டு வீட்டுக்கு என் பரிந்துரை இது: கேட்டை நோக்கி 6 மி.மீ., வாசற்படிக்கு நேர் மேலே 2.8 மி.மீ., நீண்டு குறுகிய சந்துக்கு 4 அல்லது 6 மி.மீ., தோட்டத்துக்கு 2.8 மி.மீ. கிழக்குப் பார்த்த வீட்டில் கேட்டை நோக்கும் கேமராவுக்குக் காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். வெளிச்சத்தையும் நிழலையும் ஒரே காட்சியில் சமன் செய்யும் டபிள்யூடிஆர் வசதி, 120 டெசிபல் அளவில் உள்ளதா என்று அந்த ஒரு கேமராவுக்காவது கேட்டு வாங்குங்கள். பெட்டியில் டிஜிட்டல் டபிள்யூடிஆர் என்று மட்டும் போட்டிருந்தால் அது மென்பொருள் ஒப்பனைதான். வெயிலுக்கு எதிரே வருபவர் கறுப்பு உருவமாகவே தெரிவார்.

படி 3: அனலாக், ஐபி, வைஃபை

அனலாக் என்னும் பழைய வகைக் கேமரா, டிவிஆர் என்னும் பதிவுப் பெட்டியுடன் கோஆக்சியல் கம்பி (கேபிள் டிவிக்கு வருவது போன்ற உருண்டைக் கம்பி) வழியே இணையும். கணினி வலையமைப்பு வழியே படம் அனுப்பும் ஐபி கேமரா, என்விஆர் என்னும் பதிவுப் பெட்டியுடன் கேட் 6 (Cat 6) என்னும் வலையமைப்புக் கம்பி வழியே இணையும். ஐபி முறையில் பிஓஈ என்னும் வசதி இருந்தால் ஒரே கம்பியில் படமும் மின்சாரமும் செல்லும். ஒரு கம்பியின் நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதைத் தவிர வீட்டு அளவில் வேறு கட்டுப்பாடு இல்லை. செலவைக் குறைக்க வேண்டும், வீட்டில் ஏற்கெனவே பழைய கோஆக்சியல் கம்பி ஓடுகிறது என்றால் அனலாக் போதும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ஐபி முறையையே சொல்வேன். வைஃபை கேமராவை வாடகை வீட்டுக்கோ கூடத்துக்கோ வைத்துக்கொள்ளலாம். தடித்த பழஞ்சுவர் இரண்டைத் தாண்டி அலை போக வேண்டிய வெளிப்புற இடங்களில் அதை நம்ப வேண்டாம்.

எந்த வகையானாலும் பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ்ஸின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் வெளியிட்ட திருத்தத்தின்படி, கண்காணிப்பு கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையிலும் தேற வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய சரக்கை வாங்குபவர்கள் இதை அவசியம் கவனிக்க வேண்டும்.

படி 4: உப்புக்கும் மழைக்கும் ஈடு கொடுக்கும் உடல்

வெளியூர்க் காணொளிகளைப் பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கடலூர் தேவனாம்பட்டினத்திலோ புதுச்சேரிக் கடற்கரைச் சாலையை ஒட்டிய தெருக்களிலோ இரும்புத் திருகாணி துருப்பிடிக்க ஓராண்டுகூட ஆகாது. கேமராவுடன் கொடுக்கும் திருகாணிகளை ஒதுக்கிவிட்டு, எஸ்எஸ் 304 வகைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளை வாங்கிக்கொள்ளுங்கள். கடலுக்கு மிக அருகில் குடியிருப்பவர்கள் 316 வகையைத் தேடிப் பிடிப்பது நல்லது. பெட்டியில் எண்ணோடு வரும் ஐபி, மேலே சொன்ன கேமரா வகையன்று; தூசியையும் நீரையும் தடுக்கும் அளவு. ஐபி 66 என்பது வேகமாகப் பீய்ச்சும் நீரையும், ஐபி 67 என்பது ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்குவதையும் தாங்கும் என்று பொருள். ஆனால் அந்தச் சான்று கேமராவின் உடலுக்கு மட்டுமே உரியது; பின்னால் தொங்கும் வால் கம்பியின் இணைப்பு முனைகளுக்கு அது பொருந்தாது. நீர் புகுவதும் பச்சை பிடிப்பதும் பெரும்பாலும் அந்த முனையில்தான். ஆகவே ஒவ்வொரு கேமராவுக்கும் ரப்பர் வளையம் உள்ள ஒரு பிவிசி ஜங்ஷன் பெட்டி வாங்கி, இணைப்பு முழுவதையும் அதற்குள் அடக்கிவிட வேண்டும்.

வெளிப்புறத்துக்குக் குழல் வடிவ புல்லட் கேமராவே நல்லது. கவிழ்த்த கிண்ணம் போன்ற டோம் கேமராவின் கண்ணாடி மூடியில் உப்புப் படலம் படிந்துவிட்டால், இருட்டில் படமெடுக்க அது வீசும் அகச்சிவப்பு ஒளியே திரும்பி அடித்து, படம் முழுவதும் பால் போல வெளுத்துப் போகும்.

கம்பியிலும் கவனம் தேவை. தாமிர முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவாகக் கிடைக்கிறது. உப்புக் காற்றில் அது சீக்கிரம் அரித்துப் போகும், பிஓஈ மின்சாரத்துக்கும் ஏற்றதன்று. கம்பியின் ஒரு முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

படி 5: சேமிப்பும் மின்சாரமும்

ஹார்டு டிஸ்க்குக்கு ஓர் எளிய கணக்கு: கேமரா நொடிக்கு எத்தனை மெகாபிட் அனுப்புகிறது என்னும் பிட்ரேட்டை 10.8 ஆல் பெருக்கினால், ஒரு நாளைக்கு எத்தனை ஜிகாபைட் என்று தெரியும். நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பும் கேமரா நாளொன்றுக்கு 21.6 ஜிகாபைட் எடுக்கும். நான்கு கேமராவுக்கு 86.4. ஆகவே 1 டெராபைட் டிஸ்க்கில் சுமார் 11 நாளும், 2 டெராபைட்டில் சுமார் 23 நாளும் பதிவு நிற்கும். பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்துத் திரும்புபவர்களுக்கு 1 டெராபைட் போதாது. கணினிக்கான சாதாரண டிஸ்க்கை வாங்காமல், இரவும் பகலும் எழுதிக்கொண்டே இருப்பதற்காகச் செய்யப்பட்ட கண்காணிப்பு டிஸ்க்கையே கேட்டு வாங்குங்கள்.

என்விஆர், மோடம், கேமராக் கம்பிகள் வந்து சேரும் பிஓஈ சுவிட்ச் ஆகிய மூன்றையும் வீட்டு இன்வெர்ட்டரில் இணைக்க வேண்டும். மின்சாரம் மாறும் நொடியில் பெட்டி அணைந்து மீண்டும் எழுந்தால், இடையில் ஒரு சிறிய யுபிஎஸ் தேவைப்படும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பின் மின்சாரத்துக்காகக் காத்திருந்தவர்களுக்கு, எந்த இன்வெர்ட்டருக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது; பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆகவே என்விஆர் பெட்டியைத் தொலைக்காட்சி மேசையின் கீழ்த்தட்டில் வைக்காமல், தலை உயரத்துக்கு மேல் காற்றோட்டமுள்ள ஓர் அலமாரியில் வையுங்கள். மூடிய பரணில் வைத்தால் சித்திரை வெயிலில் டிஸ்க் சூடேறிக் கெடும்.

படி 6: சுவரில் ஏற்றும் முன் மேசையில் இணைத்தல்

எல்லாக் கேமராக்களையும் முதலில் கூடத்து மேசையில் வைத்தே, சிறு கம்பிகளால் என்விஆருடன் இணைத்துப் பாருங்கள். ஏணி மீது நின்றுகொண்டு பழுதைத் தேடுவதைவிட இது பல மடங்கு எளிது. டிஸ்க்கை ஃபார்மட் செய்து, நேர மண்டலத்தை ஜிஎம்டி +5:30 என்று வைத்து, இணையம் வழியாக நேரம் தானாகத் திருத்தப்படும் என்டிபி வசதியை இயக்குங்கள். நேரம் தவறிய பதிவு, நல்ல படமாக இருந்தாலும் விசாரணையில் குழப்பத்தையே தரும்.

அடுத்தது கடவுச்சொல். 2016 இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்கள் அறுபதுக்கும் மேற்பட்டவற்றை மட்டும் வைத்துக்கொண்டு, உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது. பொருத்த வந்தவர் வைத்துக் கொடுத்த கடவுச்சொல்லையும் அப்படியே விட வேண்டாம். அவர் எல்லா வீட்டுக்கும் ஒன்றையே வைத்திருக்கக் கூடும். கைபேசிச் செயலியில் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து சேர்க்கும் முறையே போதும். வெளியிலிருந்து நேரே நுழைவதற்காக மோடத்தில் போர்ட் என்னும் வாயிலைத் திறந்துவிடும் பழைய வழி வேண்டாம்.

படி 7: பொருத்துதல்

மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கேமராவை வைப்பது நம் ஊரில் பரவலான வழக்கம். கம்பி இழுப்பவருக்கு அது எளிது. ஆனால் பதிவில் கிடைப்பதோ உச்சந்தலையும் தொப்பியும்தான். முகம் வேண்டிய கேமரா தரையிலிருந்து இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். சன்ஷேடின் அடிப்புறம் இதற்கு நல்ல இடம். மழையும் நேரே விழாது. அதே நேரம், பக்கத்துச் சுவரோ தூணோ கேமராவை ஒட்டினாற்போல் இருந்தால், அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிக் காட்சியின் மற்றப் பகுதியை இருட்டாக்கிவிடும்.

துளையிடும் முன், ஒருவர் கேமராவைக் கையால் பிடித்திருக்க, மற்றவர் கைபேசியில் பார்த்துக் கோணத்தை முடிவு செய்யுங்கள். அண்டை வீட்டுச் சன்னலோ குளியலறையோ காட்சிக்குள் வந்தால் கோணத்தை மாற்றுங்கள். மாற்ற இயலாதபோது, அமைப்பில் அந்தப் பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பெண்களின் அந்தரங்கத்தைப் படமெடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா என்னும் தண்டனைச் சட்டத்தின் 77 ஆம் பிரிவின்படி குற்றம்.

ஜங்ஷன் பெட்டிக்குள் நுழையும் முன், கம்பி சற்றுக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விட வேண்டும். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது. சுவர்த் துளையை வெளிப்புறம் நோக்கிச் சற்றுச் சாய்வாக இடுவதும் இதே காரணத்துக்காகத்தான். பெட்டியின் மேல் விளிம்பிலும் பக்கங்களிலும் சிலிக்கான் பூசி, கீழ் விளிம்பைத் திறந்தே விடுங்கள்.

படி 8: இரவில் சோதித்தல்

பகல் படத்தை மட்டும் பார்த்து நிறைவடைந்துவிடாமல், அன்றிரவே வீட்டில் ஒருவரைக் கேட்டிலிருந்து வாசல் வரை இயல்பான வேகத்தில் நடக்கச் சொல்லி, நேரலையை விட்டுவிட்டுப் பதிவை ஓடவிட்டுப் பாருங்கள். முகம் இழுபட்டுத் தெரிந்தால் ஷட்டர் வேகத்தைக் கூட்டி, வாசல் விளக்கு ஒன்றை எரியவிட வேண்டும். அனலாக் கேமரா இரவில் மட்டும் விட்டு விட்டு அணைந்தால், நீண்ட மெல்லிய கம்பியில் 12 வோல்ட் குறைந்துபோகிறது என்று பொருள். அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது அது தாங்காது. கம்பியைத் தடிமனாக மாற்றினாலோ மின்வழங்கியைக் கேமராவுக்கு அருகில் கொண்டுபோனாலோ சரியாகிவிடும்.

அசைவு அறிவிப்பை மனித உருவத்துக்கு மட்டும் என்று மாற்றுங்கள். இல்லையெனில் தென்னை மட்டை ஆடும்போதெல்லாம் கைபேசி ஒலிக்கும். அகச்சிவப்பு ஒளிக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும், சிலந்தி லென்ஸுக்கு முன்னால் வலை கட்டும். மாதம் ஒருமுறை ஒட்டடைக்கோலால் வலையை எடுத்து, நல்ல தண்ணீரில் நனைத்த மென்துணியால் உப்பைத் துடைக்க வேண்டும்.

படி 9: பதிவை எடுத்துக் கொடுத்தல்

திருட்டோ விபத்தோ நடந்தால், டிஸ்க் சுழற்சியில் பழைய பதிவு அழிந்துபோகும் முன் அந்த நேரப் பகுதியைப் பென் டிரைவில் எடுத்துவிட வேண்டும். திரையைக் கைபேசியால் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது தகவலுக்கு உதவும், சான்றுக்கு உதவாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்னும் சாட்சியச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுடன் ஒரு சான்றிதழையும் கேட்கிறது. அதன் முதல் பகுதியைக் கருவிக்குப் பொறுப்பானவரும் இரண்டாம் பகுதியை ஒரு வல்லுநரும் நிரப்ப வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பையும் அதில் குறிப்பிட வேண்டும். ஆகவே பெட்டியின் மாடல் பெயர், வரிசை எண், வாங்கிய ரசீது ஆகியவற்றைப் படமெடுத்து, பொருத்திய அன்றே கைபேசியில் தனியாகச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.