மங்கலாக எரிந்த வகுப்பறை

ஒரு பள்ளிக்குக் குறைந்த செலவில் சோலார் விளக்கு போட்டுக் கொடுத்தேன். நாலு அறை, மொத்தம் 12 எல்இடி, ஒவ்வொன்றும் 9 வாட். மாலையில் நாலு மணி நேரம் எரிந்தால் 432 வாட்-மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அது 600 வாட்-மணி. கணக்கெல்லாம் சரிதான். ஆனால் போட்ட அன்றே விளக்குகள் அழுது வடிந்தன.

பேட்டரி மோசம் என்றார்கள். நானும் நம்பிவிட்டேன், வெட்கம்தான். பிறகு மீட்டர் வைத்தால் பேட்டரியில் 12.6 வோல்ட், வகுப்பறையில் 9 சொச்சம்! திருட்டுப் பயத்தில் பேட்டரியை 20 மீட்டர் தள்ளி, தலைமை ஆசிரியர் அறையில் வைத்திருந்தோம். மொத்தக் கரண்டும் ஒரே 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் போய்க்கொண்டிருந்தது. அதே வாட்டுக்கு வோல்டேஜ் குறைவாக இருந்தால் கரண்ட் அதிகம், மெல்லிய நீள வயர் வோல்டேஜைத் தின்றுவிடும்.

தடித்த வயருக்குக் காசில்லை. பேட்டரியைப் பூட்டிய, காற்றுத் துளையுள்ள பெட்டியில் நடு அறைக்கு மாற்றினேன். அறைக்கு ஒரு லைன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபியூஸ். வயர் நீளம் 7 மீட்டரைத் தாண்டவில்லை. இப்போது அரை வோல்ட்கூடக் குறையவில்லை. பழைய பேட்டரியேதான் ஓடுகிறது.