உறைந்த சீரத்தில் கொலஸ்ட்ரால் குறைவாக வந்தால்

மைனஸ் 80 டிகிரியில் வைத்த சீரத்தில் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) கொலஸ்ட்ராலும் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பும் குறைந்து வந்தால் உடனே ஃப்ரீசரைக் குறை சொல்லாதீர்கள். அதே குழாயில் மொத்தப் புரதத்தையும் பாருங்கள். அதுவும் அதே விகிதத்தில் இறங்கியிருந்தால் கோளாறு பெரும்பாலும் சரியாகக் கலக்காததில்தான். உருகும்போது அடர்ந்த பகுதி அடியில் தங்கும், நீர்த்தது மேலே நிற்கும். பிப்பெட் (அளந்து உறிஞ்சும் குழல்) உறிஞ்சுவது மேலிருப்பதை. முழுதாக உருகியபின் 10 முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும், சரியாகிவிடும். குலுக்கினால் நுரை வரும்.

எல்லா அளவும் சேர்ந்து ஏறியிருந்தால் மூடி தளர்ந்து நீர் போயிருக்கும். தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசர் இதற்குப் பேர்போனது. அந்த மாதிரியை மீட்க வழியில்லை.

நேரடியாக அளக்கும் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) தனி ரகம்: திரும்பத் திரும்ப உறைந்து உருகினால் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல் துகள்களே சிதையக்கூடும். அதனால் 0.5 மி.லி.யாகப் பிரித்தே உறைய வைக்கிறேன். ஒரு குழாய்க்கு ஒரே உருக்கல்.