பல்லுக்கு கேப், பிரிட்ஜ் போடப் போறீங்களா? இதையெல்லாம் கவனிச்சுக்கோங்க

கேப், அதாவது பல்லு மேல மாட்டற உறை, போட்டாச்சு, இனிமே அந்தப் பல்லைப் பத்தி கவலையே இல்லைன்னுதான் நிறைய பேர் நெனச்சுக்கறோம், நானும் அப்படித்தான் இருந்தேன். கேப்புக்கு சொத்தை வராது, சரி, ஆனா அது உக்காந்திருக்கிறது உங்க சொந்தப் பல்லு மேல, அதுக்கு வரும். ஈறு ஓரத்துல கேப்பும் பல்லும் சேர்ற இடம் இருக்கு பாருங்க, அங்கதான் அழுக்கு தங்கி உள்ள சொத்தை ஆரம்பிக்குது. ரூட் கெனால் பண்ணின பல்லுன்னா நரம்பு இல்லாததால கூச்சம், வலி எதுவும் தெரியாது, கேப்போட சேர்ந்து பல்லே உடைஞ்சு வரும்போதுதான் விஷயம் தெரியும்.

முதல்ல எதுக்கு எதுன்னு பாத்துடலாம். பல்லு பாதி உடைஞ்சிருக்கு, பெரிய ஃபில்லிங் நிக்க மாட்டேங்குது, கடவாய்ப்பல்லுல ரூட் கெனால் பண்ணியிருக்குன்னா கேப். பல்லே இல்லைன்னா பிரிட்ஜ், அதாவது ரெண்டு பக்கத்துப் பல்லையும் சீவி கேப் மாட்டி நடுவுல ஒரு பல்லைத் தொங்க விடறது. பல்லு போன இடத்தை அப்படியே விட்டா பக்கத்துப் பல்லு சாயும், எதிர்ப் பல்லு எறங்கிடும், அதனால ரொம்ப நாள் தள்ளிப் போடாதீங்க. ஆனா பக்கத்துல இருக்கிற ரெண்டு பல்லும் சொத்தையே இல்லாம நல்லா இருந்தா அதைச் சீவறதுக்கு முன்னாடி இம்ப்ளான்ட் (தாடை எலும்புல ஸ்க்ரூ வச்சு அது மேல பல்லு மாட்டறது) முடியுமான்னு கட்டாயம் கேளுங்க, சீவின பல்லு திரும்ப வளராது. அந்த ரெண்டும் ஏற்கனவே பெரிய ஃபில்லிங் உள்ள பல்லுன்னா பிரிட்ஜ் நல்ல முடிவுதான்.

கேப்புக்கு கலர் பாக்கறதை பல்லைச் சீவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சுடச் சொல்லுங்க, முடிஞ்சா பகல் வெளிச்சத்துல. வாய் தொறந்தே இருந்தா பல்லு காஞ்சு வழக்கத்தை விட வெள்ளையாத் தெரியும், அதைப் பாத்து எடுத்த ஷேடு அப்புறம் ஒட்டாது. கேப் செய்யற பொருள்ல ஜிர்கோனியாங்கற செராமிக் ரொம்ப கெட்டி, கடவாய்ப்பல்லுக்குத் தாங்கும், முன்பல்லுக்கு இயற்கையாத் தெரியணும்னா ஈமேக்ஸ்ங்கற இன்னொரு வகை செராமிக்கும் இருக்கு. உள்ள மெட்டல் இருக்கிற செராமிக்னா ஈறு எறங்கினா ஓரத்துல கருப்புக் கோடு தெரிய வாய்ப்பிருக்கு.

அளவு எடுத்து ஒரிஜினல் வர்ற வரைக்கும் டெம்பரரி கேப் போடுவாங்க, அந்தப் பக்கம் ஒட்டற மாதிரி, கடினமான எதையும் மெல்லாதீங்க, ஃப்ளாஸ் (பல்லு இடுக்கைச் சுத்தம் பண்ற நூல்) பண்ணினா நூலை மேல இழுக்காம பக்கவாட்டுல உருவுங்க. அப்புறம் ஒரிஜினலை ஒட்டின அன்னைக்கு வாய் மரத்திருந்தா கடி சரியா இருக்கான்னு உங்களுக்கே சரியாத் தெரியாது. மரப்பு போனப்புறம் அந்தப் பல்லு மட்டும் முதல்ல இடிக்குதுன்னா பழகிடும்னு விடாதீங்க, கொஞ்சம் உயரமா இருந்தாலே வலி வரும், கேப் உடையும், போய் தேய்ச்சு சரி பண்ணிக்கோங்க. தூக்கத்துல பல்லு கடிக்கிற பழக்கம் இருந்தா நைட் கார்டு (ராத்திரி பல்லு மேல மாட்டிக்கிற கவசம்) பத்தியும் பேசிடுங்க.

பிரிட்ஜ் போட்டவங்க இதை விட்டுடவே கூடாது. மூணு பல்லும் ஒட்டி இருக்கிறதால சாதா ஃப்ளாஸ் நடுவுல எறங்காது, தொங்கற பல்லுக்கு அடியில நுழைச்சு எடுக்கணும். அதுக்கு நுனி விறைப்பா இருக்கிற சூப்பர் ஃப்ளாஸ் கிடைக்குது, இல்லைன்னா பல்லு இடுக்குல நுழையற சின்ன இன்டர்டென்டல் பிரஷ். எனக்கு இதை யாரும் சொல்லித் தரலை, ரொம்ப நாள் மேலோட்டமா பிரஷ் மட்டும் பண்ணிட்டு இருந்தேன், ஈறுல ரத்தம் வந்தப்புறம்தான் கத்துக்கிட்டேன். அதனால ஒட்டின அன்னைக்கே கண்ணாடியைக் கையில வாங்கி டாக்டர் முன்னாடியே ஒருதடவை நுழைச்சுக் காட்டுங்க.

கேப் கழண்டு வந்துட்டா தூக்கிப் போடாம ஒரு டப்பாவுல வைங்க, சூப்பர் க்ளூ வச்சு நீங்களே ஒட்டாதீங்க, ஆடிட்டு இருக்கிற கேப்போட தூங்கவும் வேண்டாம், தொண்டைக்குள்ள போயிடும். சீக்கிரமே கிளம்பிப் போங்க, பக்கத்துப் பல்லு நகர்ந்துட்டா அதே கேப் திரும்ப உக்காராது.